காய்ச்சல் காலத்தில் தகவல்: யாரிடம் சொல்வது, எதை நம்புவது, எதைப் பகிர்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த காலத்தில் மழைக்காலம் வந்தாலே இந்தச் சந்தேகங்கள் என்னைத் தேடி வரும். ஓய்வு பெற்ற பிறகும் டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதே கேள்விகள்தான். கொசு மருந்து அடிப்பது, குளோரின் போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. எந்தத் தெருவில் நோய் ஆரம்பித்தது என்ற சேதி எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது, அதற்குப் பதிலாக மக்களுக்கு என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வேலைக்கே பலன். அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

எங்க தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல் சார். இதை யாரிடம் போய்ச் சொல்றது?

கிராமம் என்றால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் அல்லது சுகாதார ஆய்வாளர். நகரம் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். யாரையும் தெரியாது என்றால் 104க்கு போன் செய்யுங்கள். பெரிய அதிகாரிக்குத்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போனாலும், கடைசியில் உங்கள் தெருவுக்கு வந்து பார்க்கப் போவது அதே ஆய்வாளர்தான்.

"எங்க ஏரியாவில் ஒரே காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் பெரிதாகப் பயன்படாது. எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, குழந்தைகளா பெரியவர்களா, காய்ச்சலோடு வேறு என்ன (வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு, மூட்டு வலி), யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்களா, எல்லோரும் ஒரே குழாய்த் தண்ணீரா, ஒரே விசேஷ வீட்டில் சாப்பிட்டார்களா என்று சொல்லுங்கள். இவ்வளவும் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் கேட்பவர் கொசுப் பணியாளரை அனுப்புவதா, தண்ணீர் மாதிரி எடுப்பதா என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தா அதுக்குப் பேர் நோய்ப்பரவலா?

அது எந்த நோய் என்பதைப் பொறுத்தது. வழக்கமாக அந்த இடத்தில், அந்த மாதத்தில் இருப்பதைவிட அதிகமானால் பரவல் என்று எடுத்துக்கொள்வார்கள். ஐப்பசியில் ஒரு பெரிய ஊரில் நாலு சளிக்காய்ச்சல் வழக்கமானது. ஒரே தெருவில் இரண்டே நாளில் நாலு வயிற்றுப்போக்கு என்றால் வழக்கமானது இல்லை. காலரா, நிபா, போலியோ போன்றவற்றில் ஒரே ஒரு நோயாளி என்றாலும் உடனே மேலே சொல்லியாக வேண்டும்.

இது பரவலா இல்லையா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. வழக்கத்துக்கு மாறாக இருந்தால் சொல்லிவிடுங்கள். விசாரித்து "ஒன்றுமில்லை" என்று போவது சுகாதாரத் துறைக்கு நஷ்டம் இல்லை.

நாங்க தனியார் கிளினிக்கில்தான் காட்டினோம். அது அரசாங்கக் கணக்கில் சேருமா?

சேர வேண்டும். ஆனால் எப்போதும் சேர்வதில்லை. நாடு முழுக்க நோய்களைக் கண்காணிக்கும் ஒருங்கிணைந்த திட்டம் 2004இல் தொடங்கியது. களப்பணியாளர் சந்தேகப்படுவது ஒரு படிவம், மருத்துவர் அறிகுறியை வைத்துச் சொல்வது இன்னொன்று, ஆய்வகம் உறுதி செய்வது மூன்றாவது. முன்பு இவை வாரம் ஒரு முறை மேலே போகும். 2021இலிருந்து இணையவழித் தளம் வந்து, அன்றன்றைக்கே பதியும் முறை ஆகிவிட்டது.

அரசு மருத்துவமனைகள் பதிந்துவிடும். சின்னச் சின்ன கிளினிக்குகளிலும் லேப்களிலும்தான் ஓட்டை. மாலையில் அறுபது, எழுபது பேரைப் பார்க்கும் டாக்டருக்குப் படிவம் நிரப்ப நேரம் ஏது? தமிழ்நாட்டில் 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட நோய்களைத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனாலும் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, வாரம் ஒரு முறை போன் செய்து கேட்கும் ஆய்வாளர் இருக்கும் பகுதியில்தான் தகவல் ஒழுங்காக வரும். அந்த டாக்டருக்குத் திருப்பியும் தகவல் போக வேண்டும். "நீங்கள் சொன்ன ஏழு பேரில் நாலு பேர் ஒரே தெரு, அங்கே மேல்நிலைத் தொட்டியைக் கழுவிவிட்டோம்" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

பையனுக்கு டெங்கு பாசிட்டிவ்னு லேபில் எழுதியே கொடுத்தாங்க. ஆனா எங்க ஊரில் டெங்குவே இல்லைன்னு பேப்பரில் வருது. மறைக்கிறாங்கதானே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மறைப்பே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்கள் ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கிறது. தனியார் லேபில் பொதுவாகச் செய்வது அட்டைப் பரிசோதனை; இருபது நிமிடத்தில் கோடு விழும். தேசிய வழிகாட்டுதலின்படி எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனை முறையில் உறுதியானால்தான் அது "உறுதி செய்யப்பட்ட டெங்கு". அட்டையில் பாசிட்டிவ் என்றால் "இருக்கலாம்" என்ற கணக்கில்தான் வரும்.

நாள் கணக்கும் முக்கியம். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 என்ற பரிசோதனை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பார்க்க வேண்டும். இரண்டாம் நாளே ஐ.ஜி.எம். பார்த்தால் டெங்கு இருந்தாலும் நெகட்டிவ் வரலாம். ஒரே பையனுக்கு இரண்டு லேபில் இரண்டு முடிவு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துறையின் மேல் எனக்கு இருக்கும் குறை வேறு. "உறுதியானது இவ்வளவு, சந்தேகத்தில் இருப்பது இவ்வளவு, முடிவுக்குக் காத்திருப்பது இவ்வளவு" என்று மூன்றையும் சேர்த்து வெளியிடலாமே? உறுதியான எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, "டெங்கு இல்லை" என்று தலைப்பு வரும்படி விட்டுவிட்டால், கையில் லேப் சீட்டோடு நிற்கும் தாய் அதற்கப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். பையனின் சிகிச்சை இந்தக் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் பாசிட்டிவ் என்றாலே டெங்குவாகக் கருதித்தான் கவனிக்க வேண்டும்.

சாவு எண்ணிக்கையைக் குறைச்சுத்தான் சொல்றாங்க. இதை மறுக்க முடியுமா?

நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு, விடுபட்டுப் போன 444 கொரோனா இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பல இறப்புகள் மாநிலக் கணக்கில் இல்லை என்ற கேள்வி எழுந்து, ஒரு குழு அமைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அந்த எண்ணைச் சேர்த்தார்கள். மருத்துவமனை அனுப்பும் அறிக்கை ஒரு பக்கம், சுடுகாடு, இடுகாடு வழியாக மாநகராட்சிக்குப் போகும் பதிவு இன்னொரு பக்கம். இரண்டையும் தினம் ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். வீட்டில் நடக்கும் சாவுகள் இன்னும் சுலபமாக விட்டுப்போகும்.

அந்த 444ஐ வெளியே சொன்னது சரியான காரியம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். கேள்வி எழும் வரை காத்திருந்ததுதான் சரியில்லை. அதே காலத்தில் தமிழகத்தின் தினசரி அறிக்கையில் ஒவ்வொரு இறப்புக்கும் பெயர் போடாமல் வயது, பாலினம், மாவட்டம், ஏற்கெனவே இருந்த நோய், சேர்ந்த நாள், இறந்த நாள் என்று வரும். அதை வரிசையாகப் படித்தால் பலர் எவ்வளவு தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்பது தெரியும். "மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள்" என்று நாங்கள் வீடு வீடாகச் சொல்வதற்கு அந்த வரிகள்தான் துணையாக இருந்தன.

உள்ளதைச் சொன்னா ஜனங்க பயந்து ஓடிடுவாங்களே சார்?

1994 செப்டம்பரில் சூரத்தில் நிமோனியா பிளேக் வந்தபோது, சில நாட்களில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ரயிலிலும் லாரியிலும் கிளம்பினார்கள். தெளிவான தகவல் இல்லாத இடத்தில் வதந்திதான் கிடைத்தது. மக்கள் அதை வைத்து முடிவெடுத்தார்கள். வெளிநாடுகள் விமானத்தையும் சரக்கையும் நிறுத்தி, நாட்டுக்குப் பெரும் நஷ்டம். இறந்தவர்கள் ஐம்பதை ஒட்டித்தான்.

2018 மே மாதம் கோழிக்கோடு பகுதியில் நிபா வந்தது. சூரத் பிளேக்கோடு ஒப்பிட்டால் பல மடங்கு கொடியது. 17 பேர் இறந்தார்கள். நோயாளிகளைக் கவனித்த செவிலியர் லினியும் அதில் ஒருவர். அங்கேயும் பயம் இருந்தது, சிலர் ஊரைவிட்டுப் போகத்தான் செய்தார்கள். ஆனால் அமைச்சரும் அதிகாரிகளும் தினமும் செய்தியாளர்களைச் சந்தித்து, இன்று இத்தனை மாதிரி அனுப்பினோம், இத்தனை முடிவு வந்தது, இவ்வளவு பேரைக் கண்காணிக்கிறோம் என்று சொன்னார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தொடர்புப் பட்டியலில் இருந்தார்கள். மக்கள் வாயைத் திறந்து "நானும் அந்த வார்டில் இருந்தேன்" என்று சொல்லாமல் அப்படி ஒரு பட்டியல் போடவே முடியாது. நம்மிடம் உண்மையைச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால்தான் ஜனங்களும் உண்மையைச் சொல்வார்கள். இது என் அனுபவத்திலும் பார்த்ததுதான்.

அப்போ நோயாளி பேரையே சொல்லிட்டா நாங்க ஜாக்கிரதையா இருப்போமே?

கூடாது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தானே மண்ணைத் தள்ளி நண்பரைப் புதைத்தார். முறைப்படி புதைத்த உடலிலிருந்து அக்கம்பக்கத்துக்கு நோய் பரவும் என்ற தவறான தகவல்தான் அதற்குக் காரணம். அதன் பிறகு அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கி அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒருவரின் பெயர் வெளியே போனால் அடுத்த பத்து நோயாளிகள் ஒளிந்துகொள்வார்கள்.

உங்களுக்கு வேண்டியது பெயர் இல்லை; நீங்கள் அந்த இடத்தில், அந்த நேரத்தில் இருந்தீர்களா என்பதுதான். 2020 மார்ச்சில் கேரளத்தின் பத்தனம்திட்டாவில் இதைச் செய்து காட்டினார்கள். நோயாளி போன இடம், போன நேரம் இரண்டையும் போட்டு வழித்தட வரைபடம் வெளியிட்டார்கள், பெயர் இல்லாமல். 2023இல் கோழிக்கோட்டில் மறுபடி நிபா வந்தபோதும் அதே முறைதான்.

வரைபடத்தில் பேர் வந்த கடைக்காரர் பிழைப்பு என்ன ஆறது?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன வரைபடத்தின் பலவீனமே இதுதான். அதனால் நேரத்தைக் குறுக்கிப் போட வேண்டும். "இந்த ஓட்டல்" என்று போடாமல் "இந்த ஓட்டல், 8ஆம் தேதி மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை" என்று போட வேண்டும். கடைக்காரர் ஏற்கெனவே தன் வாடிக்கையாளர்களைத் தேடிச் சொல்லிவிட முடிந்தால், கடையின் பெயரைப் போட வேண்டிய அவசியமே இல்லை. முடிந்ததும் முடிந்தது என்று அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். நிபாவில் நோயரும்பு காலத்தை, அதாவது கிருமி தொற்றி அறிகுறி தெரியும் வரையான காலத்தை, அதிகபட்சம் 21 நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் இரு மடங்கு, 42 நாள் புதிய நோயாளி இல்லை என்றால் பரவல் முடிந்தது என்பது கணக்கு. எச்சரிக்கை விட்ட அதிகாரி, அந்த 42ஆம் நாள் அதே கடையில் உட்கார்ந்து டீ குடித்துப் படம் போட்டால்கூட நல்லதுதான்.

வாட்ஸாப்பில் வருவதை எப்படி நம்புறது?

தேதி, ஊர், சொன்னவர் யார், என்ன பொறுப்பில் இருப்பவர் என்பது. இந்த மூன்றும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். "மிக அவசரம், எல்லோருக்கும் பகிரவும்" என்று இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்று ஒரு புரளி ஓடியது. நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது, பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். கோழிக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. விலை மலிந்த புரதத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் விட்டதுதான் மிச்சம்.

குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பியிருந்தால் எல்லோர் முன்னாலும் "பொய்" என்று போடாதீர்கள். அவர் அதையே பிடித்துக்கொள்வார். தனியாகக் கூப்பிட்டு, "பெரியப்பா, இது போன வருஷத்துப் படம், வேற மாநிலம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே குழுவில் திருத்திப் போடுவார். புரளியை மறுக்கும்போது அதை அப்படியே தலைப்பில் போட்டுக் கீழே "உண்மையல்ல" என்று எழுதவும் வேண்டாம். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தலைப்பு மட்டும்தான் மனதில் நிற்கும். சரியான தகவலை முதல் வரியில் வையுங்கள்.

சரி, நல்ல அறிவிப்புன்னா எப்படி இருக்கணும்?

வழக்கமாக இப்படி வரும்: "மாவட்டத்தில் நிலைமை கட்டுக்குள் உள்ளது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும்." இதைப் படித்தவர் எழுந்து என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. கற்பனையாக ஒரு வயிற்றுப்போக்கு அறிவிப்பை நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

"7ஆவது வார்டு, கிழக்குத் தெரு, பள்ளிவாசல் தெரு. சனிக்கிழமை முதல் 11 பேருக்கு வயிற்றுப்போக்கு. குழாயில் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகம். தண்ணீர் மாதிரி அனுப்பியிருக்கிறோம், முடிவு புதன்கிழமை. அதுவரை குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். லாரித் தண்ணீர் காலை 7 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தேரடியில். வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், பாக்கெட் அங்கன்வாடியில் இலவசம். குழந்தை சோர்ந்து படுத்தால், சிறுநீர் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. அடுத்த அறிவிப்பு நாளை மாலை 6 மணிக்கு."

தெரிந்தது, தெரியாதது, செய்ய வேண்டியது, அடுத்து எப்போது சொல்வோம் என்பது. நான்கும் இருக்கிறதா பாருங்கள். கடைசி வரியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். சொன்ன ஆறு மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், "முடிவு இன்னும் வரவில்லை" என்று சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது பொதுச் சுகாதார அவசர நிலை என்று வெளிப்படையாகவே அறிவித்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி, பள்ளிகளை மூடினார்கள். காலரா என்ற பெயரைச் சொல்லாமல் "வயிற்று உபாதை" என்று பூசி மெழுகியிருந்தால் எத்தனை பேர் தண்ணீரைக் காய்ச்சியிருப்பார்கள்?

எல்லோரிடமும் போன் இல்லையே? வெளிமாநிலப் பசங்களுக்குத் தமிழும் தெரியாது.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இன்னும் நல்ல வழிதான். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைக்கும்படி 2022இல் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு மனிதரைப் பறையோடு தெருத் தெருவாக அலையவிட்ட வழக்கம் போனது நல்லதே. கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றிலும் மைக் இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.

திருப்பூர், கோவை போன்ற ஊர்களில் தமிழில் மட்டும் துண்டறிக்கை அடித்தால் விடுதிகளில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேராது. இந்தி, ஒடியா, வங்காளத்தில் அவர்களில் ஒருவரையே பேசவைத்து ஒரு நிமிடக் குரல்பதிவு போடுங்கள். அச்சடித்ததைவிட வேகமாக ஓடும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். "காய்ச்சல் என்று சொன்னால் ஒரு நாள் கூலி போகாது" என்று முதலாளி வாயால் சொல்லவைப்பது அதைவிட முக்கியம். அது இல்லாவிட்டால் எந்த மொழியில் சொன்னாலும் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் அம்மை போட்டிருக்கு. அதையும் ரிப்போர்ட் பண்ணணுமா? ஆத்தா கோபிச்சுக்குவாளே?

வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை, விருந்தாளியும் திரும்பிவிடுவார். நோய் இருக்கும் வீட்டைத் தெருவுக்குச் சொல்லும் நல்ல ஏற்பாடு அது. நான் குறை சொல்லவே மாட்டேன். வேப்பிலையைப் பார்த்துத்தான் பல வீடுகளை நாங்களே கண்டுபிடித்திருக்கிறோம்.

ஆனால் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீர்க்கொப்புளம் வரும் சின்னம்மையும், கண் சிவந்து சளியோடு சிவப்புத் தடிப்பு வரும் தட்டம்மையும் வேறு வேறு. தட்டம்மை என்றால் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளைத் தேட வேண்டும். நீங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் நடக்கலாம்.

நேத்து ஒண்ணு சொல்றாங்க, இன்னைக்கு வேற சொல்றாங்க. எதைக் கேக்குறது?

புதிய நோய் என்றால் அறிவுரை மாறத்தான் செய்யும். 2020 தொடக்கத்தில் பொதுமக்கள் எல்லோருக்கும் முகக்கவசம் தேவையில்லை என்று சொன்ன உலக சுகாதார நிறுவனம், ஜூன் 5 அன்று, நோய் பரவும் இடங்களில் கூட்டத்துக்குள் போகிறவர்கள் துணி முகக்கவசம் அணியலாம் என்று மாற்றியது. மாற்றியது தப்பில்லை. பழையதைச் சொன்ன நாளிலேயே "இன்றைக்குத் தெரிந்தவரை இது, மாறலாம்" என்று உரக்கச் சொல்லியிருந்தால் இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது. நீங்கள் செய்ய வேண்டியது: தேதியைப் பார்த்து, கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் பழைய அறிவிப்பு சுற்றினால் கீழே புதியதைப் போடுங்கள்.

நாடுகளே மறைக்குதே? நாம மட்டும் ஏன் சொல்லி மாட்டிக்கணும்?

மறைத்ததின் விலை பெரிது. 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் நுரையீரலைத் தாக்கும் சார்ஸ் நோய் தொடங்கியது. சீனா உலக சுகாதார நிறுவனத்திடம் 305 பேருக்கு நோய், 5 பேர் சாவு என்று தெரிவித்தது 2003 பிப்ரவரி 11 அன்றுதான். முடிவதற்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய், 774 பேர் சாவு. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சர்வதேச சுகாதார விதிகளை 2005இல் திருத்தினார்கள். உலகத்தைப் பாதிக்கக்கூடிய நிகழ்வு என்று ஒரு நாடு மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது அதில் உள்ளது.

சொன்னவருக்குத் தண்டனை கிடைப்பதும் உண்மை. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா, கொரோனாவின் புதிய வகையான ஒமைக்ரான் பற்றி நேர்மையாகத் தெரிவித்தது. இரண்டு மூன்று நாட்களுக்குள் பல நாடுகள் அதன் விமானங்களை நிறுத்தின. இது மகா தப்பு. சொன்னவரை அடித்தால் அடுத்தவர் ஏன் சொல்வார்? மேலே கடைக்காரர் பற்றிச் சொன்னேனே, நாடுகளுக்கும் அதே பிரச்சினைதான். முதலில் சொல்பவருக்கு உதவி கிடைக்க வேண்டும்.

வர்ற வாரம் கொடை விழா. வயிற்றுப்போக்கைப் பத்தி இப்போ வெளியே சொல்ல வேண்டாம்னு ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. என்ன பண்றது?

முதலில் சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம். அங்கே சொல்வதும் குழுவில் போடுவதும் ஒன்றில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, பீதியைக் கிளப்பும் பொய்யான எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. சந்தேகத்தைச் சுகாதார ஆய்வாளரிடம் சொல்பவருக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் பெரியவர்களிடம் போங்கள். "விழாவை நிறுத்து" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அன்னதானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து, தொட்டியில் குளோரின் யார் போடுவது, வெளியூர்க்காரர்களுக்குக் காய்ச்சிய தண்ணீர் எங்கே வைப்பது, மைக்கில் என்ன சொல்வது என்று கேளுங்கள். ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு போனால், பெரும்பாலான ஊர்களில் கமிட்டி ஒத்துக்கொள்ளும். தண்ணீர் மாதிரியில் கிருமி இருப்பது உறுதியானால் அன்னதானத்தை மட்டுமாவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பூசை தடையில்லாமல் நடக்கட்டும். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலுக்குத் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.